வாய் கசந்தால் வாய் நாறுமா?

காலையில் எழுந்ததும் வாய் கசக்கிறது. பல் தேய்த்தும் போகவில்லை. காபி குடித்தால் காபியின் ருசியே மாறித் தெரிகிறது. அடுத்த நிமிடம் மனத்தில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது: பக்கத்தில் இருப்பவருக்கு என் வாய் நாறுமோ? பேருந்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், பேசும்போது கை தானாக வாய்க்கு முன்னால் போவதும், சட்டைப்பையில் கிராம்பும் ஏலக்காயும் குடியேறுவதும் இந்தச் சந்தேகத்தால்தான்.

கெட்ட சுவைக்கும் கெட்ட வாடைக்கும் உறவு உண்டு. ஆனால் ஒன்று இருந்தால் மற்றது இருந்தே தீரும் என்று இல்லை. வாய் நாறுகிறவர்களில் பலருக்கு எந்தக் கெட்ட சுவையும் தெரிவதில்லை. வாய் கசக்கிறதே என்று வருந்துகிறவர்களில் பலருக்கு மூச்சில் ஒரு குறையும் இருப்பதில்லை. இரண்டையும் தனித்தனியே பார்க்கத் தெரிந்துகொண்டால், வேண்டாத பயம் குறையும், கவனிக்க வேண்டிய நோயும் கண்ணுக்குத் தப்பாது.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் வாயில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒரு கூட்டத்துக்கு ஆக்சிஜன் ஆகாது. காற்று புகாத இடமாகத் தேடி அவை ஒளிந்துகொள்ளும்: நாக்கின் பின்பகுதி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, டான்சிலில் இருக்கும் குழிகள், சொத்தைப் பல்லின் பொந்து. அவற்றுக்குத் தீனி புரதம். சாப்பாட்டுத் துணுக்கு மட்டும் அல்ல, வாயின் உள்தோலில் இருந்து நாள்தோறும் உதிரும் செல்கள், ஈறில் கசியும் ரத்தம், மூக்கின் பின்னால் இருந்து இறங்கும் சளி எல்லாமே புரதம்தான். புரதத்தில் இருக்கும் சிஸ்டீன், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் கந்தகம் இருக்கிறது. பாக்டீரியா அவற்றை உடைக்கும்போது கந்தக வாயுக்கள் பிறக்கின்றன. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும், கெட்டுப்போன முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் மெத்தில் மெர்கேப்டனும் அவற்றில் முக்கியமானவை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டோன்செட்டிச் 1960களிலும் 70களிலும் செய்த ஆய்வுகள்தான் வாய் நாற்றத்துக்கும் இந்த வாயுக்களுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கின. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் பலவும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: வாய் நாற்றம் உள்ளவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அது வாயிலேயே உண்டாகிறது.

இந்தப் பாக்டீரியாக் கூட்டத்தை அடக்கி வைப்பது எச்சில். ஒரு நாளில் அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. துணுக்குகளைக் கழுவி விழுங்க வைக்கிறது, ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது ஏறக்குறைய நின்றே போகும். அதனால்தான் எழுந்தவுடன் யாருக்கும் வாய் வாடை அடிக்கிறது. அது நோய் அல்ல, பல் தேய்த்து நாலு வாய் சாப்பிட்டால் அடங்கிவிடும். குறட்டை விடுகிறவர்கள், வாயைத் திறந்தபடி தூங்குகிறவர்கள், மூக்கடைப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். விரதம் இருக்கும்போதும் அப்படியே. மெல்லாததால் எச்சில் குறைகிறது. பட்டினி நீண்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குவதால் மூச்சில் அசிட்டோன் வாடையும் சேர்கிறது.

இனி சுவை. நாக்கில் உள்ள சுவை மொட்டுகளுக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சியிலும் காளானிலும் இருக்கிற உமாமி என்ற ஐந்துதான். எச்சிலில் கரைந்தால்தான் எதையும் அவை உணர முடியும். நாம் "ருசி" என்று நினைக்கிறவற்றில் பெரும்பகுதி வாசனை. மெல்லும்போது வாயின் பின்புறத்தில் இருந்து அண்ணாக்குக்கு மேலே ஏறி மூக்கைப் போய்ச் சேர்கிறது. சளி பிடித்தால் சாம்பார் சப்பென்று இருப்பது இதனால்தான். ஆக, "வாயில் ஏதோ அழுகிய சுவை" என்று ஒருவர் சொன்னால், நாக்கு உணர்ந்ததைச் சொல்கிறாரா, பின்வாசல் வழியாக மூக்கு முகர்ந்ததைச் சொல்கிறாரா என்பதே முதல் கேள்வி.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அந்தக் கெட்ட சுவை இருக்கும்போது மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவை மறைந்துவிட்டால் அது உண்மையில் வாடை, பல் இடுக்கிலோ டான்சிலிலோ மூக்கிலோ ஏதோ இருக்கிறது. மூக்கைப் பிடித்தும் கசப்போ புளிப்போ உப்போ அப்படியே இருந்தால் அது நாக்கின் சங்கதி, வாய் நாற்றத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். இரும்பைச் சுவைத்தது போன்ற உணர்வு மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் நாக்குக்கும் பங்கு உண்டு, மூக்குக்கும் பங்கு உண்டு.

தன் வாய் நாற்றம் தனக்கு ஏன் தெரிவதில்லை என்பதற்கும் காரணம் மூக்கின் இயல்பே. தொடர்ந்து இருக்கும் எந்த வாடைக்கும் மூக்கு பழகிப்போய், அதைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மணிக்கட்டின் உட்புறத்தை நக்கி, சில விநாடி காயவிட்டு முகரலாம். ஒரு கரண்டியால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, அந்த வழும்பை முகர்ந்து பார்ப்பது அதைவிடச் சரியான சோதனை. கடைவாய்ப் பற்களின் நடுவே பல் நூலை விட்டு எடுத்து முகர்ந்தால் எந்த இடுக்கு நாறுகிறது என்றுகூடத் தெரிந்துவிடும். இவற்றைவிட நம்பகமானது கூட வாழ்கிறவரின் மூக்கு. கணவனிடமோ மனைவியிடமோ அக்காவிடமோ வெட்கப்படாமல் கேட்டுவிடுவது நல்லது.

சுவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். வாயில் ரத்தச் சுவை, இரும்புச் சுவை அடிக்கடி தெரிந்தால் முதலில் ஈறைப் பார்க்க வேண்டும். பல் தேய்க்கும்போது நுரை சிவப்பாக வருகிறதா? சப்போட்டாவையோ கொய்யாவையோ கடித்தால் பழத்தில் ரத்தக் கறை படிகிறதா? பல்லில் படியும் அழுக்கு நாளடைவில் இறுகிக் காரையாகிறது. அதைச் சுற்றி ஈறு வீங்கிக் கசிகிறது. இடுக்கு ஆழமாகிறது. ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான இடம் வேறு கிடையாது. ஈறு நோய் உள்ளவர்களின் மூச்சில் மெத்தில் மெர்கேப்டன் கூடுதலாக இருப்பது தெரிந்த செய்தி. சுவையும் நாற்றமும் உண்மையிலேயே கைகோத்து வரும் இடம் இதுதான். வலி இல்லாததால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. காரைதான் ஆடுகிற பல்லைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது தெரிகிறது, அவ்வளவே. இன்னும் தள்ளிப்போட்டால் எலும்பும் கரையும்.

திடீரென்று வாயில் உப்பும் நாற்றமுமாக ஏதோ ஊறி, அதோடு பல நாள் பல்வலியும் சட்டென்று நின்றுவிட்டால் பலர் நிம்மதி அடைகிறார்கள். நடந்தது வேறு. பல்லின் வேருக்கு அடியில் கட்டியிருந்த சீழ் வழி கண்டு உடைந்திருக்கிறது. அழுத்தம் இறங்கியதால் வலி போனதே தவிர, நோய் போகவில்லை. ஈறில் சிறு கொப்புளம் போல ஒன்று தோன்றித் தோன்றி மறைவதும் இதே கதைதான். வேர் சிகிச்சையோ பல்லைப் பிடுங்குவதோ செய்யாமல் இது தீராது. பல் பிடுங்கிய இரண்டு மூன்று நாள் கழித்து வலி கூடி, அந்தக் குழியில் இருந்து கெட்ட சுவை வந்தால், குழியில் உறைந்து மூட வேண்டிய ரத்தம் கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இது அதிகம் வரும். பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறு மடிப்பிலும் சோற்றுப் பருக்கை தங்கி இதே சுவையைத் தரும்.

தொண்டையில் இருந்து சில சமயம் வெண்மையாகவோ மஞ்சளாகவோ சிறு கட்டி வெளியே வரும். நசுக்கினால் வாடை தாங்காது. டான்சில் குழிகளில் சேர்ந்து இறுகும் கழிவு அது, டான்சில் கல் என்பார்கள். பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. ஆபத்தானது அல்ல. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் பெரும்பாலும் வந்துவிடும். குச்சியாலும் ஊசியாலும் தோண்டக் கூடாது.

ஒரு குழந்தையின் மூச்சு திடீரென்று நாறத் தொடங்கி, ஒரே ஒரு மூக்குத் துளையில் மட்டும் கெட்ட சளி வந்தால், துளைக்குள் ஏதோ மாட்டியிருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். புளியங்கொட்டை, நிலக்கடலை, பஞ்சு, அழிரப்பர்த் துண்டு என்று எதையும் குழந்தைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும். வீட்டில் எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போகும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

புளிப்புச் சுவை பெரும்பாலும் வயிற்றில் இருந்து வருகிறது. சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சு எரிந்து, தொண்டை வரை புளிப்பு எதுக்களிக்கும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பதும், தலைமாட்டை உயர்த்திக்கொள்வதும், தொப்பையைக் குறைப்பதும் உதவும். ஆனால் வாய் நாறினாலே "வயிறு சரியில்லை" என்று சொல்லி மலமிளக்கி சாப்பிடும் வழக்கம் பெரும்பாலும் வீண். இரைப்பைக்கும் வாய்க்கும் நடுவில் உள்ள உணவுக்குழாய், விழுங்காத நேரத்தில் மூடியே கிடக்கிறது. ஏப்பத்திலும் எதுக்களிப்பிலும் தவிர வயிற்று வாடை மேலே வர வழி இல்லை. வயிற்றைக் கழுவிக் கழுவி வருடங்களை ஓட்டியவரின் நாக்கை வழித்து, ஈறைச் சுத்தம் செய்ததும் நாற்றம் போய்விடுவது பல் மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி.

கசப்புக்கும் இரும்புச் சுவைக்கும் இன்னொரு பெரிய காரணம் மாத்திரை. சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின், வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின், மனநலத்துக்கான லித்தியம், ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் போன்றவை வாயின் சுவையை மாற்றக்கூடியவை. விழுங்கிய மாத்திரை எப்படி நாக்குக்கு வருகிறது? ரத்தத்தில் கலந்து எச்சில் வழியாகவும், நாக்கின் ரத்த ஓட்டம் வழியாகவும் வருகிறது. ஒரு காலத்தில் மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்திருந்தார்கள். கசப்பான ஒரு மருந்தைக் கையின் ரத்தக் குழாயில் ஏற்றி, நோயாளி "கசக்கிறது" என்று சொல்லும் வரை விநாடிகளை எண்ணி, ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று கணிப்பார்கள். ஆரோக்கியமானவருக்குப் பத்துப் பதினைந்து விநாடியிலேயே கசப்பு நாக்குக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட கசப்பு பக்கத்தில் இருப்பவருக்கு நாற்றமாகத் தெரியாது. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று இருக்கிறதா என்று பார்ப்பார். வேறு சில மருந்துகள் சுற்றுவழியில் நாற்றத்தையே கொண்டுவருகின்றன. ஒவ்வாமை மாத்திரைகள், சில மனச்சோர்வு மாத்திரைகள், சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் எச்சிலைக் குறைத்து வாயை உலரவைக்கும். உலர்ந்த வாயில் பாக்டீரியா பெருகும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்து ருசி கெடும். இரவிலும் பல்செட்டைக் கழற்றாதவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

காய்ச்சலில் வாய் கசப்பதும், கருவுற்ற முதல் மாதங்களில் வாயில் செம்பை வைத்தது போல இருப்பதும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். மாதவிடாய் நின்ற பெண்கள் சிலருக்கு நாக்கு மிளகாய் பட்டது போல எரிந்து, கசப்பும் சேர்ந்து வரும். கண்ணாடியில் பார்த்தால் வாயில் ஒன்றுமே தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் "மனப் பிரமை" என்று தள்ளிவிடுவார்கள். அது பிரமை அல்ல, எரிவாய் நோய் என்று மருத்துவம் ஏற்றுக்கொண்ட ஒன்று, அதற்கு மருந்தும் உண்டு. அந்தப் பெண்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று இதைப் படிக்கிற மகன்களையும் மகள்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

மிகக் குறைவாகவே நடந்தாலும் தெரிந்திருக்க வேண்டியவை சில. சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாடை அடித்து, வாந்தியும் மயக்கமும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகம் செயலிழக்கும்போது ரத்தத்தில் யூரியா ஏறி, எச்சிலிலும் வந்து, அங்கே அம்மோனியாவாக உடைகிறது. மூச்சில் மூத்திர வாடையும் நாக்கில் இரும்புச் சுவையும் ஒன்றாக வரும். கல்லீரல் முற்றிலும் கெட்டவர்களின் மூச்சில் ஒருவகை இனிப்பு கலந்த பூஞ்சண வாடை இருக்கும்.

நோயே இல்லாமல் சாப்பாட்டாலும் மூச்சு நாறும். பூண்டு விஷயத்தில் பல் தேய்த்துப் பயன் இல்லாததற்குக் காரணம் உண்டு. அதில் இருந்து உண்டாகும் ஒரு கந்தகப் பொருள் குடலில் இருந்து ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. ஒரு நாள் வரைகூட நீடிக்கும். பூண்டோடு சேர்த்தே பால், பச்சை ஆப்பிள் துண்டு, புதினா எதையாவது சாப்பிட்டால் வாடை குறைகிறது.

சரி, என்ன செய்வது? நாற்றத்துக்கு முதல் வேலை நாக்கு வழிப்பது. பின்பகுதிதான் முக்கியம், நனைந்த கம்பளம் போல அழுக்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த இடம். குமட்டும் என்று பலர் நுனியோடு நிறுத்திவிடுகிறார்கள். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி வழித்தால் குமட்டல் குறையும். ரத்தம் வர அழுத்தித் தேய்க்க வேண்டாம். இரவு படுக்கும் முன் பல் தேய்ப்பதைக் காலைத் தேய்ப்பைவிட நான் முக்கியமாகச் சொல்வேன், எச்சில் இல்லாத எட்டு மணி நேரம் அதற்குப் பிறகுதானே வருகிறது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யப் பல் நூலோ சிறு பிரஷோ வேண்டும், குண்டூசியும் தீக்குச்சியும் ஈறைக் கிழிக்கும். இவற்றோடு ஒருமுறை பல் மருத்துவரிடம் காரையை எடுத்துக்கொண்டாலே பெரும்பாலோருக்கு நாற்றம் போய்விடும்.

மூடி மறைக்கும் வழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சோம்பும் கிராம்பும் தீங்கில்லாதவை, கொஞ்ச நேரம் வாடையை மறைக்கும். சர்க்கரை போட்ட புதினா மிட்டாய் பல்லைச் சொத்தையாக்கும். வாய் மணக்க என்று பாக்குப் போடுவதை விட்டுவிட வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோயும் பாக்கால்தான் வருகிறது. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க் கொப்பளிப்பு மருந்து பாக்டீரியாவைக் குறைக்கும். ஆனால் வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் உப்பு ருசியும் மங்கும். கெட்ட சுவைக்காக அதை வாங்கி, அதனாலேயே சுவை கெட்டு, இன்னும் அதிகமாகக் கொப்பளிப்பவர்கள் உண்டு. மருத்துவர் சொன்ன நாட்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நாற்றமே இல்லாதவர்களின் துன்பம். ஜப்பானில் மியாசாகியும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வாய் நாற்றப் புகார்களை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையில் நாறுவது ஒன்று. நாறாமலே நாறுகிறது என்று எண்ணி, சோதித்துச் சொன்னதும் தெளிவது இரண்டாவது. எத்தனை பேர் இல்லை என்று சொன்னாலும் நம்ப முடியாமல் தவிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையில் இருப்பவர்கள் மற்றவர் மூக்கைத் தொடுவதையும், ஜன்னலைத் திறப்பதையும்கூடத் தங்கள் வாய் நாற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள். வாயில் இருக்கும் சிறு கசப்பு அந்த நம்பிக்கையை இறுக்கிவிடும். கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள், நல்ல பற்களைப் பிடுங்கச் சொல்கிறவர்கள், வேலையை விட்டு வீட்டுக்குள் அடைந்துகொள்கிறவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதற்கு மனநலக் கோளாறுகளில் தனி இடம் இருக்கிறது. இவர்களைக் கேலி செய்வதும், "உனக்கு ஒன்றும் இல்லை, போ" என்று விரட்டுவதும் பயன் தராது. பல் மருத்துவரிடம் கூட்டிப் போய், மூச்சையும் நாக்கையும் ஈறையும் முறையாகச் சோதிக்கச் செய்யுங்கள். அங்கே குறை ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகும் தவிப்பு தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்தாலும் பேச்சு சிகிச்சையாலும் இவர்களில் பலர் தேறுகிறார்கள்.